பாட்டு ப்ளூஸ்காரருடையது, ராயல்டி யாருக்கு?

"ராக் அண்ட் ரோல் முழுக்கவே கறுப்பர்களிடமிருந்து திருடியதுதானே?" இசைக்கலைஞர்களின் ஒப்பந்தங்களைப் படித்து, எங்கே கையெழுத்துப் போடலாம், எங்கே கூடாது என்று சொல்வது என் தொழில். வருகிறவர்களில் கிடார் வாசிக்கிறவர் யாராவது இருந்தால் பேச்சு எப்படியோ இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். திருட்டு நடந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஸ்டூடியோவில் நடந்ததைவிடப் பதிப்பு நிறுவனத்தின் (பாட்டின் உரிமையை வைத்துக்கொண்டு ராயல்டி வசூலிக்கிற கம்பெனி) ஆபீஸில் நடந்ததுதான் அதிகம்.

முதலில், யாருக்கும் சொந்தமில்லாதது எது என்று சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பி டெல்டாவின் பருத்தித் தோட்டங்களிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வேலைப் பாட்டு, தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்து 1900-ஐ ஒட்டி உருவான வடிவம் ப்ளூஸ். ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் 12 பார் (ஒரு பார் என்றால் நாலு தட்டு), மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு). ஈ-யில் வாசித்தால் ஈ, ஏ, பி7. முதல் நாலு பார் ஈ, அடுத்து ஏ இரண்டு பார், மறுபடி ஈ இரண்டு பார், கடைசி நாலில் பி7, ஏ தொட்டுவிட்டு ஈ-க்கே திரும்பிவிடலாம். மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் கொஞ்சம் இறக்கி, கம்பியை வளைத்து வாசித்தால் அந்த ஏக்கம் வந்துவிடும்.

இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்து, வேகத்தைக் கூட்டி, இரண்டாவது நாலாவது தட்டில் ஸ்னேர் டிரம்மை ஓங்கி அடித்தால் 1950-களின் ராக் அண்ட் ரோல். லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி', எல்விஸின் 'ஹவுண்ட் டாக்', சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' மூன்றுமே அந்த 12 பார்தான். எலெக்ட்ரிக் கிடார் சத்தமும் அங்கிருந்து வந்தது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943-ல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போனார். அந்த ஊர் மதுக்கூடங்களின் இரைச்சலில் வெறும் கிடார் எடுபடாது, ஆம்ப்ளிஃபையர் வேண்டியிருந்தது. அவருடைய 1950-ம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் பெயரைத்தான் லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று வைத்துக்கொண்டார்கள்.

இதில் எதற்கும் ராயல்டி கிடையாது. கார்டு வரிசைக்கும் தாளக்கட்டுக்கும் பதிப்புரிமை இல்லை. 1955-ல் போ டிட்லி என்ற கறுப்பினக் கிடார் கலைஞர் தன் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டார். அதன் தாளத்தை 1957-ல் ராக் பாடகர் பட்டி ஹாலி எடுத்தார், அப்புறம் யார்தான் எடுக்கவில்லை! அந்தத் தாளத்துக்காக டிட்லிக்கு ஒரு காசும் வரவில்லை. அவருக்கு அது கடைசிவரை ஆறாத கோபம். மனிதராக அவர் பக்கம்தான் நிற்பேன். வக்கீலாக என்னால் எதுவும் செய்ய முடியாது. ஒரு தாளத்தை ஒருவருக்குப் பூட்டிக் கொடுத்திருந்தால் ப்ளூஸே பிறந்திருக்காது. ப்ளூஸ்காரர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துத்தான் பாடினார்கள். ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் எழுதிய 'மை பேப்' பழைய தேவாலயப் பாட்டு ஒன்றின் மெட்டில்தான் போகிறது.

ஆகவே வடிவத்தைக் கடன் வாங்கியதை விட்டுவிடுவோம். குறிப்பிட்ட சொல், குறிப்பிட்ட மெட்டு, அதை எழுதிய ஆளின் பெயர், அந்தப் பெயருக்குச் சேர வேண்டிய பணம் என்று வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

ஆர்தர் க்ரூடப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1905-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். 1946-ல் சிகாகோவில் 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைப் பதிவு செய்தார். அதிலும் சில வரிகள் பிளைண்ட் லெமன் ஜெஃபர்ஸன் 1926-ல் பாடியவை, பொதுவில் புழங்கியவை. மற்றது க்ரூடப்புடையது. 1954 ஜூலை 5 அன்று மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோவில், இடைவேளையில் விளையாட்டாக எல்விஸ் அதைப் பாட ஆரம்பிக்க, கூட வாசித்த ஸ்காட்டி மூரும் பில் பிளாக்கும் சேர்ந்துகொள்ள, அதுவே அவருடைய முதல் இசைத்தட்டாக வந்தது.

கவனியுங்கள், அந்தத் தட்டின் லேபிளில் எழுதியவர் ஆர்தர் க்ரூடப் என்றே அச்சாகியிருந்தது. யாரும் பெயரை மறைக்கவில்லை. எல்விஸும் 1956-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் க்ரூடப்பின் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவருடைய இன்னும் இரண்டு பாட்டுகளையும் பாடினார். இத்தனைக்குப் பிறகும் க்ரூடப்புக்குப் பணம் வரவில்லை. ஏனென்றால் பதிப்பு உரிமை அவருடைய மேனேஜர் லெஸ்டர் மெல்ரோஸின் கையில் இருந்தது. வானொலியும் இசைத்தட்டு நிறுவனமும் கொடுத்த பணம் முறையாகத்தான் பதிப்பாளருக்குப் போனது. அங்கிருந்து க்ரூடப்புக்கு வர வேண்டியதுதான் வரவில்லை. அவர் வெறுத்துப்போய்ப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டு வர்ஜீனியாவில் பண்ணைக் கூலி வேலைக்குப் போனார்.

1960-களின் கடைசியில் டிக் வாட்டர்மேன் என்ற மேனேஜர் அவருக்காகப் போராடினார். உரிமை அப்போது ஹில் அண்ட் ரேஞ்ச் என்ற பதிப்பு நிறுவனத்திடம் போயிருந்தது. 60,000 டாலர் என்று பேசி முடித்து, க்ரூடப் குடும்பத்தோடு நியூயார்க் போய்க் கையெழுத்தும் போட்டாராம். உள்ளே போன காகிதம் திரும்பி வரவில்லை. நிறுவனத்தின் தலைவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போனால் இதைவிடக் குறைவாகத்தான் ஆகும் என்பது அவர் கணக்கு. க்ரூடப் 1974-ல் இறந்தார். அந்த நிறுவனம் கைமாறுகிற சமயம் வந்தபோதுதான், வழக்கு நிலுவையில் இருந்தால் வியாபாரம் முடியாது என்று, வாரிசுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். சட்டம் அவ்வளவு நாளும் க்ரூடப் பக்கம்தான் இருந்தது. அவருக்குப் பிரயோஜனப்படவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு பணம் இது என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சட்டப்படி 1909-லிருந்து 1978 வரை, விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் என்பது உச்ச விகிதம். பத்து லட்சம் தட்டு விற்றால் 20,000 டாலர். வழக்கமாக அதில் பாதி பதிப்பாளருக்கு, பாதி எழுதியவருக்கு. வானொலியில் ஒலிபரப்பானால் தனியாக வரும். அந்த 2 சென்ட்டைக் கட்டிவிட்டால், ஒருமுறை வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும் மறுபடி பதிவு செய்யலாம், எழுதியவரின் அனுமதி வேண்டியதில்லை. வெள்ளையர் பாடிய மறுபதிவுகள் அத்தனை சுலபமாகக் குவிந்ததற்கு இதுவும் காரணம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பாட்டுக்கு ஓர் உரிமை, பாடிய பதிவுக்கு வேறோர் உரிமை. 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952-ல் பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ண்டன். 1953-ல் ஆர் அண்ட் பி (கறுப்பர் இசைக்கான) விற்பனைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அதை எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள். 1956-ல் எல்விஸ் பாடி உலகமே கேட்டபோது, சட்டப்படி தோர்ண்டனுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அவர் கொடுத்த உறுமலும் துள்ளலும் 'எழுதியது' ஆகாது. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலிகள் இன்றுவரை பாடியவருக்குப் பணம் தருவதில்லை, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும்தான். சரி, தோர்ண்டன் தானே எழுதிய பாட்டிலாவது சம்பாதித்தாரா? 'பால் அண்ட் செயின்' அவர் எழுதியது. பதிவு செய்த சின்ன இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிடவே இல்லை, உரிமையை மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்ளின் அதைப் பாடிப் பெரிய பெயர் வாங்கியபோது பதிப்பு ராயல்டி தோர்ண்டனுக்கு வரவில்லை. என்னிடம் வரும் ஒப்பந்தங்களில் நான் அதிகம் பயப்படுவது இந்த வகைக்குத்தான். வெளியிடுவோம் என்ற கடமை ஒரு வரிகூட இருக்காது, உரிமை மட்டும் முழுசாகப் போய்விடும்.

எழுதாதவர் பெயர் நுழைவது இன்னொரு வகை. சக் பெர்ரியின் முதல் வெற்றி 'மேபெலீன்', 1955. 'ஐடா ரெட்' என்ற பழைய கன்ட்ரி பாட்டிலிருந்து கிளம்பி அவர் புதிதாகச் செய்தது. தட்டு வந்தபோது எழுதியவர்கள் என்று மூன்று பெயர். பெர்ரி, வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், அப்புறம் ரஸ் ஃப்ராட்டோ என்பவர். ஃப்ராட்டோ, தட்டை வெளியிட்ட செஸ் என்ற சிகாகோ இசைத்தட்டு நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர், பாட்டுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஃப்ரீட் வானொலியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பங்கு அது. பெர்ரி முழு உரிமையையும் மீட்டது 1986-ல். முப்பது வருஷத்துக்கு மேல்! தம்பிகளா, "சார் பெயரையும் சேர்த்துக்கலாம், அவர் நினைத்தால் பாட்டு எங்கேயோ போயிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயரே இல்லாமல் போவது மூன்றாவது வகை, இங்கிலாந்துக் குழுக்களிடம் நிறையப் பார்க்கலாம். லெட் ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' 1969-ல் வந்தது. திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் துணுக்கு (ரிஃப்) அவர்களுடையதுதான், சந்தேகமில்லை. வரிகள் பெரும்பாலும் வில்லி டிக்ஸன் எழுதி 1962-ல் மடி வாட்டர்ஸ் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டின் வரிகள். 1985-ல் டிக்ஸன் வழக்குப் போட்டார், 1987-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. இப்போது எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. இதற்கு முன்பே தன் சொந்தப் பதிப்பாளரான ஆர்க் மியூசிக் மீதும் அவர் வழக்குப் போட்டுப் பல பாட்டுகளை மீட்டிருந்தார். அது செஸ் சகோதரர்களுக்கும் பங்கு இருந்த நிறுவனம். டிக்ஸன் அதே செஸ்ஸில் பாஸ் வாசித்து, பாட்டு எழுதி, பதிவுகளையும் மேற்பார்த்தவர்.

ரோலிங் ஸ்டோன்ஸ் 1968-ல் வெளியிட்ட 'பிராடிகல் சன்' முதலில் குழுவைச் சேர்ந்த ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயரில்தான் வந்தது. அது ராபர்ட் வில்கின்ஸ் என்ற போதகர் பாடியது, பிறகு திருத்தினார்கள். மறுபக்கமும் உண்டு. கிரீம் குழு 1966-ல் 'ஐம் ஸோ க்ளாட்' பாடியபோது ஸ்கிப் ஜேம்ஸ் பெயரைச் சரியாகப் போட்டது. 1969-ல் இறப்பதற்கு முன், நோயோடு போராடிக்கொண்டிருந்த அவர் கைக்கு அந்தப் பணம் வந்து சேர்ந்தது.

'டிரெடிஷனல்' (யார் எழுதியதென்று தெரியாத பரம்பரைப் பாட்டு) என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ராபர்ட் ஜான்ஸன் விவகாரத்தைச் சொல்வேன். 1936, 1937-ல் சான் அன்டோனியோவிலும் டல்லஸிலும் 29 பாட்டுகள் பதிவு செய்து, 27 வயதில் இறந்தவர். அவருடைய 'லவ் இன் வெய்ன்' 1969-ல் ஸ்டோன்ஸ் தட்டில் வந்தபோது அவர் பெயர் இல்லை. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் அந்தப் பாட்டுகள் பொதுச்சொத்து ஆகவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே காலத்தில் மிசிசிப்பியில் ஜல்லி லாரி ஓட்டிக்கொண்டிருந்த க்ளாட் ஜான்ஸன் அவருடைய மகன் என்றும் வாரிசு என்றும் நீதிமன்றத்தில் உறுதியானது.

விதிவிலக்காக ஒருவர், டபிள்யூ. சி. ஹேண்டி. 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' பாட்டின் உரிமையை 1912-ல் 100 டாலருக்கு விற்றுவிட்டு, அது கடைகளில் பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு 1914-ல் வந்த 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டைத் தன் கூட்டாளி ஹாரி பேஸோடு நடத்திய சொந்தப் பதிப்பகத்தில் வெளியிட்டார். ஆயுள் முழுக்க அது சோறு போட்டது.

இங்கே, இந்தியாவில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வகையில் க்ரூடப்பைவிட நல்ல நிலைமை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, சினிமாவுக்கு எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் தங்கள் சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம்தான், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் இப்போதெல்லாம் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று தவறாமல் எழுதுகிறார்கள். அந்த இரண்டையும் பேசிக் குறைக்கப் பாருங்கள். மற்றபடி, பாட்டு முடிந்த அன்றே யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவை நம்பி வருகிறவர்களுக்கு என்னால் முடிந்தது குறைவு. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். இல்லையென்றால் பணம் வந்தாலும் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ப்ளூஸ் பாட்டு ஒன்றைக் கவர் செய்து (தாங்களே மறுபடி பாடிப் பதிந்து) வெளியிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 12 பாரை எடுத்துச் சொந்தமாக எழுதுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டையே பாட வேண்டும் என்றால் அது டிக்ஸனுடையது. அவர் இறந்தது 1992-ல். நம் சட்டத்தில் எழுதியவர் இறந்த பிறகும் 60 வருஷம் உரிமை உண்டு, ஆகவே 2052 முடிகிற வரை உரிமையாளரிடம் அனுமதி வாங்கியோ, சட்டப்படி முன்கூட்டித் தெரிவித்து ராயல்டி கட்டியோதான் வெளியிட வேண்டும்.