இரவு 9.30 மணி மீட்டிங் யாருடைய வசதி?

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு முடிந்து திங்கள் வந்தால், அமெரிக்க டீம்களோடு வேலை செய்யும் சென்னை அலுவலகங்களில் வழக்கமாக ஒரு குழப்பம் நடக்கும். போன வாரம் வரை இரவு 7.30க்கு இருந்த மீட்டிங் கால், திடீரென்று மாலை 6.30க்கு வந்து நிற்கும். ஒருவர் அந்த நேரத்தில் வேறு மீட்டிங்கில் இருப்பார். இன்னொருவர் கேபில் பாதி வழியில் இருப்பார். பல நாடுகளில் பரவியிருக்கும் டீம்களை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை. அதனால் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நாள்காட்டியிலேயே இருக்கிற விஷயம்தான், ஆனாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். அதனால் நியூயார்க் நம்மைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஐரோப்பா மாறுவது மார்ச் கடைசி ஞாயிறில். திரும்புவது அக்டோபர் கடைசி ஞாயிறில். 2026இல் அமெரிக்கா மாறும் நாள் மார்ச் 8, லண்டன் மாறும் நாள் மார்ச் 29. இடையிலுள்ள மூன்று வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம்தான் வித்தியாசம். அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை ஒரு வாரம் மறுபடியும் இதே கதை. சிட்னியில் எல்லாமே தலைகீழ்: அக்டோபரில் முன்னே, ஏப்ரலில் பின்னே. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மாறுவதே இல்லை. அமெரிக்காவில் ஃபீனிக்ஸும் அப்படித்தான். ஆகவே நாட்டைக் கேட்டால் போதாது, ஊரைக் கேளுங்கள்.

எழுதும்போதும் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். ஐ.எஸ்.டி. (IST) என்ற நேரச் சுருக்கம் இந்தியாவுக்கு மட்டுமல்ல, இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் உண்டு. சி.எஸ்.டி. (CST) என்றால் சிகாகோவாகவும் இருக்கலாம், சீனாவாகவும் இருக்கலாம். ஈ.எஸ்.டி. (EST) என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம். ஜூலை மாதத்தில் 'காலை 9 ஈ.எஸ்.டி.' என்று மெயில் வந்தால், அதை அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். 'நியூயார்க் காலை 9, சென்னை மாலை 6.30, வியாழக்கிழமை' என்று கிழமையோடு எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. கிழமை ஏன் என்றால், கலிஃபோர்னியாவில் கோடைக்கால வெள்ளி மாலை 4 மணி என்பது நமக்குச் சனிக்கிழமை விடிகாலை 4.30.

அடுத்தது, வாராவாரம் திரும்ப வரும் மீட்டிங். கேலண்டர் மென்பொருள் அதைப் பொதுவாக உருவாக்கியவரின் ஊர் நேரத்தோடு கட்டிவிடும். நியூயார்க்கில் இருப்பவர் காலை 9க்கு வைத்தால் அவருக்கு ஆண்டு முழுவதும் 9 மணிதான், நமக்கு 7.30க்கும் 6.30க்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். சென்னையில் இருப்பவர் இரவு 7.30 என்று போட்டால், நமக்கு அது நிலையாக இருக்கும், அவர்களுக்கு 9, கோடையில் 10 ஆகும். எந்தப் பக்கத்து நேரத்தோடு கட்டுவது? யாருக்கு அந்த மீட்டிங் அலுவலக நேரத்துக்கு வெளியே விழுகிறதோ, அவர்கள் பக்கத்தோடு கட்ட வேண்டும் என்பது என் கருத்து. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போவது பெரிய விஷயமில்லை. பிள்ளைகளைத் தூங்க வைப்பதையும் கடைசி கேபையும் அந்த நேரத்தை வைத்துத் திட்டமிட்டிருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ, லண்டன், சென்னை மூன்றையும் ஒரே காலில் உட்கார வைக்க வேண்டுமென்றால் கிடைப்பது ஏறக்குறைய ஒரே நேரம்தான்: அங்கே காலை 8, லண்டனில் மாலை 4, சென்னையில் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. 'எல்லாருக்கும் பொருந்தும் நேரம்' என்று இதை அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் இருவர் பகலில் பேசுகிறார்கள், ஒருவர் களைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். களைத்திருப்பவர் கேள்வி கேட்கமாட்டார், எதிர்த்துப் பேசமாட்டார், 'சரி, செய்துவிடுகிறோம்' என்பார். அப்புறம் அந்தத் தேதியில் முடியாமல் போகும்போது, சென்னை டீம் வாயே திறக்கவில்லை என்று குறை வரும். பத்தரைக்கு மூடிய லேப்டாப், உடனே தூக்கத்தைக் கொண்டுவந்துவிடாது. இது மாதக்கணக்கில் நடந்தால் நல்ல ஆட்கள் காரணம் சொல்லாமல் வேலையை விட்டுப் போகிறார்கள்.

அதனால் மூவரையும் ஒரே காலில் சேர்க்கும் பிடிவாதத்தை முதலில் விடுங்கள். கோடையில் லண்டனோடு பேசச் சென்னையின் பிற்பகல் 2 மணி போதும். அங்கே காலை 9.30. சான்ஃபிரான்சிஸ்கோவோடு பேசும் நேரத்தை மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரு மாதம் நமக்கு இரவு 8.30, அடுத்த மாதம் நமக்குக் காலை 8.30. அப்போது அவர்களுக்கு முந்தைய நாள் இரவு 8 மணி. நடுவில் விடுபடும் செய்தியை எழுதி அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் செய்கிறார், எப்போது. பதிவு செய்த வீடியோவை மட்டும் அனுப்பினால் வேலைக்கு ஆகாது, ஒரு மணி நேரப் பதிவை உட்கார்ந்து பார்ப்பவர் மிகக் குறைவு.

கிளையண்டிடம் இதைக் கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். நான் பார்த்தவரை எதிர்ப்பக்கம் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. நமக்கு அப்போது இரவு பத்தரை என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. கேட்கும்போது 'கஷ்டமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், இரண்டு மாற்று நேரங்களை ஊர் வாரியாக எழுதி அனுப்புங்கள். அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற நிலையில் பதில் விரைவாக வரும்.

டீமை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முந்தைய இரவு பத்தரை வரை காலில் இருந்தவரை மறுநாள் காலை 9 மணி ஸ்டாண்ட்-அப்புக்கு (டீமின் தினசரி குறு மீட்டிங்) அழைக்காதீர்கள். அதைப் பதினொன்றுக்குத் தள்ளிவையுங்கள். அதைக் கேலண்டரிலேயே எழுதிவையுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாய்விட்டு அனுமதி கேட்கவேண்டிய நிலை இருக்கக் கூடாது.