பழைய ஜாவாவைக் கைவிட்டால் பூட்டுகள் ஏன் குறைகின்றன?

ஒரு மென்பொருள் நூலகத்தில், அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பில், தேவைக்கு மிஞ்சிய பூட்டுகள் இருந்தால், அதற்கு எழுதியவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பல நேரங்களில், அந்த நூலகம் ஆதரிப்பதாக உறுதியளித்த மிகப் பழைய இயக்கச்சூழலே அவற்றைக் கட்டாயப்படுத்தியிருக்கும். ஜாவா நிரல்மொழி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

பூட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. நிரலின் ஒரு பகுதிக்குள் ஒரு சமயத்தில் ஓர் இழையை (நிரலுக்குள் இணையாக ஓடும் செயல்தொடர்களில் ஒன்றை) மட்டுமே அனுமதிப்பது முதல் வேலை. இதை எல்லோரும் அறிவார்கள். ஓர் இழை எழுதியதை, அதே பூட்டை அடுத்துப் பெறும் இழை கட்டாயம் காணும்படி செய்வது இரண்டாவது வேலை. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் செயலியும் வேகத்துக்காகக் கட்டளைகளின் வரிசையை மாற்றிக்கொள்வதால், இந்த உறுதி இல்லாவிட்டால் ஒரு பொருளின் முகவரி முதலிலும் அதன் உள்ளடக்கம் பிறகும் மற்ற இழைகளுக்குத் தெரியக்கூடும்.

முதல் முறை கேட்கும்போது மட்டும் ஒரு பொருளை உருவாக்கி, பின்னர் அதையே திருப்பித் தரும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். பொருள் உருவாகிவிட்டதா என்று முதலில் பூட்டின்றிப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் பூட்டிவிட்டு மீண்டும் சரிபார்க்கும் உத்தி, ஜாவாவின் பழைய நினைவக மாதிரியில் (ஓர் இழை எழுதியது மற்றோர் இழைக்கு எப்போது தெரியும் என்பதற்கான விதிகளில்) நம்பத்தக்கதாக இல்லை. ஒரு மாறியின் புதிய மதிப்பு மற்ற இழைகளுக்கும் தெரிய வேண்டும் என்று குறிக்கும் வாலட்டைல் என்ற சொல்லால் அதை அறிவித்தாலும், அதைச் சுற்றிச் சாதாரண மாறிகளில் எழுதப்படும் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே, ஒரே ஒரு முறை தேவைப்படும் பாதுகாப்புக்காக ஒவ்வொரு அழைப்பும் பூட்டைக் கடக்க வேண்டியிருந்தது.

2004இல் வந்த ஜாவா 5 இந்த நினைவக மாதிரியைத் திருத்தியது. வாலட்டைல் மாறியில் ஓர் இழை எழுதிய மதிப்பை மற்றோர் இழை படித்தால், அதற்கு முன் எழுதப்பட்ட அனைத்தும் அந்த இழைக்குத் தெரிய வேண்டும் என்பது விதியாயிற்று. அதே பதிப்பில், செயலியின் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தி, பூட்டே இல்லாமல் எண்ணிக்கையை உயர்த்தும் அட்டாமிக்இன்டிஜர் போன்ற வகுப்புகளும், பல இழைகள் ஒரே சமயத்தில் பயன்படுத்தத்தக்க அட்டவணையான கன்கரன்ட்ஹேஷ்மேப்பும் சேர்ந்தன. ஆனால் அதற்கு முந்தைய பதிப்பான ஜாவா 1.4ஐயும் ஆதரிக்கும் நூலகம் இவற்றை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. புதிய வகுப்பு அங்கே இல்லையென்றால் பிழையாவது தெரியும். வாலட்டைலோ அங்கும் சத்தமின்றி இயங்கும், தருவதாக நினைக்கும் உறுதியை மட்டும் தராது. குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்துவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

போட்டியில்லாத பூட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பல கோர்களில் பல இழைகள் ஒரே பூட்டுக்குக் காத்திருந்து, இயங்குதளம் அவற்றை உறங்கவைத்து எழுப்பும்போதுதான் செலவு கூடுகிறது. அத்தகைய இடங்களை அளந்து கண்டறியாமல் பூட்டுகளை நீக்குவது, என் பார்வையில், வீண் துணிச்சல்.

நீக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் பூட்டும் பழைய அட்டவணை வகுப்பான ஹேஷ்டேபிளுக்குப் பதில் கன்கரன்ட்ஹேஷ்மேப்பை வைத்தாலும், “இல்லையென்றால் சேர்” என்பதை இரண்டு அழைப்புகளாக எழுதினால் இடையில் வேறோர் இழை நுழைந்துவிடும். அதற்கென உள்ள ஒற்றைச் செயற்கூற்றையே அழைக்க வேண்டும். மேலும், பயனர்களில் சிலர் நூலகத்தின் பொருளையே தாங்களும் பூட்டாகப் பயன்படுத்தியிருக்கலாம். உள்ளே பூட்டு மறைந்ததும் அவர்களது நிரல் எச்சரிக்கை ஏதுமின்றிப் பாதுகாப்பை இழக்கும். இவ்வகைப் பிழைகள் சில, நினைவகத்தில் எழுதும் வரிசையைப் பெரும்பாலும் காக்கும் எக்ஸ்86 செயலியில் சோதனையின்போது தலைகாட்டாமல், வரிசையைத் தளர்வாகக் கையாளும் ஆர்ம் செயலியில் வெளிப்படுவதுண்டு.