எடுக்கிறது, விடுகிறது: ஒரு ஜெனரேட்டரின் தடுமாற்றம்

"2012 மின்வெட்டில் வேலூர் வீட்டுக்கு வாங்கிய 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் உள்ள தோட்டத்து வீட்டுக்கு ஏற்றிப்போனேன். அங்கே ஈ.பி. லைன் கிடையாது, சோலார் மட்டும்தான். ஐப்பசி அடைமழையில் பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் ஓட்டுகிறேன். இன்வெர்ட்டர் அதை எடுக்கிறது, விடுகிறது, எடுக்கிறது, விடுகிறது. போர்டு போச்சு என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மாற்ற வேண்டாம். மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஷெட்டில் ஒரு 100 வாட் குண்டு பல்பு தொங்கியது. எஞ்சின் 'டபடப' என்று சீராக ஓடும். இன்வெர்ட்டரில் 'டக்' என்று ரிலே, அதாவது ஜெனரேட்டரை இணைக்கிற தானியங்கி ஸ்விட்ச், விழும். உடனே சத்தம் கம்மி, பல்பு சிவந்து மங்கும். மறுபடி 'டக்', எஞ்சின் அலறும், பல்பு பளீரென்று எரியும். இப்படி நிமிடத்துக்கு மூன்று தடவை. டேங்க் மூடியில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று கட்டியிருந்தது. அதற்கு 5 ரூபாய்தான் ஆகியிருக்கும். போர்டுக்குச் சொன்ன விலையோடு பார்த்தால் எலுமிச்சையே தேவலை!

ஜெனரேட்டரில் சுற்றும் வேகம்தான் அலைவெண். இந்த வகை நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். இது பள்ளிக்கூடப் பாடம், தாண்டிப் போவோம். அந்த 3000-ஐக் காவல் காக்கிற கவர்னரிடம்தான் நாம் கொஞ்சம் உட்கார வேண்டும்.

குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குப் போனவர்கள் சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏற ஏற நாற்காலிகள் வெளியே விரியும், குறைந்தால் உள்ளே தொங்கும். கவர்னருக்குள் இருப்பதும் அதே ராட்டினம்தான், உள்ளங்கை அளவில். நாற்காலிக்குப் பதில் இரும்புக் குண்டுகள். குண்டு விரிந்தால் ஒரு நெம்புகோல் டீசலைக் குறைக்கும். குண்டு சுருங்கினால் எதிர்ப்பக்கம் இழுக்கிற ஸ்பிரிங் டீசலைக் கூட்டும். காற்றாலை மாவு மில்களில் இருந்த இந்த ஏற்பாட்டை ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்தார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதன் குறைதான். கரண்ட் இழுப்பு கூடியது என்பது கவர்னருக்கு நேரடியாகத் தெரியாது. வேகம் குறைந்தால்தான் தெரியும். டீசல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டுமென்றால் குண்டுகள் கொஞ்சம் சுருங்கியே இருக்க வேண்டும், அதாவது வேகமும் கொஞ்சம் குறைந்தே இருக்க வேண்டும். அதனால் சும்மா ஓடும்போது 52 ஹெர்ட்ஸ் காட்டும் எஞ்சின், லோடு ஏறியதும் 50-க்கு வந்து நிற்கும். அது பழுதில்லை, சுபாவம்.

சிக்கல் அவசரத்தில் வருகிறது. இன்வெர்ட்டர் முழு லோடையும் ஒரே போடாகப் போட்டால் கவர்னர் சுதாரிப்பதற்குள் வேகம் சரிந்துவிடும். "இந்தக் கரண்ட் சரியில்லை" என்று இன்வெர்ட்டர் கைவிடும். சுமை போன எஞ்சின் பாயும். சற்று நேரம் பார்த்துவிட்டு இன்வெர்ட்டர் திரும்ப ஏற்றும். இப்படி மாறி மாறி ஏமாந்துகொண்டே இருக்கும் இரண்டும். கவர்னரின் ஆட்டம் எப்போது அடங்கும், எப்போது பெருகும் என்று இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இல் கணக்குப் போட்டு எழுதினார். இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்த ஷெட்டுக்கு ஒருமுறை வந்து போகலாம்.

இனி கணக்கு. 5 கே.வி.ஏ. என்றால் கிடைப்பது சுமார் 4 கிலோவாட். காவலூர் தொலைநோக்கி இருக்கும் இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். வேலூர் 200 சொச்சம்தான். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், எஞ்சின் வலுவும் குறையும். 100 மீட்டருக்கு 1 சதவீதம் என்ற கணக்கில் மலையில் 7 சதவீத வலு போய்விடும், மிச்சம் 3.7. இன்வெர்ட்டரிலோ சார்ஜிங் 60 ஆம்பியர் என்று யாரோ வைத்திருந்தார்கள். 60-ஐ பேட்டரி சார்ஜ் ஆகும் 54 வோல்ட்டால் பெருக்கி, நஷ்டத்தையும் சேர்த்தால் 3.6 கிலோவாட். ஒரு மிக்ஸி போட்டாலே கதை முடிந்தது. 30 ஆம்பியராக்கினேன். அவருடைய 300 ஏ.எச். டியூபுலர் பேட்டரிக்கும் அதுதான் ஏற்ற அளவு. 'யு.பி.எஸ். மோட்' என்று இருந்ததை 'அப்ளையன்ஸ்' ஆக்கினேன். அதில் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தை இன்வெர்ட்டர் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். லோடு இல்லாதபோதே 49 ஹெர்ட்ஸுக்கு இறங்கிக் கிடந்த ஓட்டத்தை, மீட்டரை வைத்துக்கொண்டு கவர்னர் ஸ்குரூவைத் திருகி 52-இல் நிறுத்தினேன். ரிலே ஒரே தடவை விழுந்தது. பல்பு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு நிலைத்தது.

ஆட்டோ ஸ்டார்ட் பாக்கி இருந்தது. ஈ.பி. போனால் எஞ்சினைக் கிளப்புவதுதான் ஏ.எம்.எஃப். பேனலின் வேலை. ஈ.பி.யே இல்லாத ஊரில் அது நாள் முழுக்க ஓட்டும். ஆகவே ஈ.பி. இருக்கிறதா என்று அது பார்க்கிற இணைப்பைத் துண்டித்து, இன்வெர்ட்டரின் டிரை காண்டாக்ட் (தானே கரண்ட் தராமல் வெறும் ஸ்விட்ச்போலச் சேர்ந்து பிரியும் முனை) ஒயர் இரண்டை ரிமோட் ஸ்டார்ட்டில் கொடுத்தோம். பேட்டரி 47 வோல்ட்டுக்கு இறங்கினால் இரண்டும் சேரும், 54 ஏறினால் பிரியும். புகைக்குழாய் வெளியே பார்த்துத்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைச் செய்தேன். ஆள் தூங்கும்போது தானாகக் கிளம்பப் போகிற எஞ்சின், அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

கிளம்பும்போது செல்ஃப் அடித்தால் 'கிர்ர்' என்று இழுத்து நின்றது. ஸ்டார்ட்டர் பேட்டரியை இதுவரை ஈ.பி.தான் சத்தமில்லாமல் சார்ஜ் செய்து வந்திருக்கிறது, யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு 12 வோல்ட் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல்லிவிட்டு ஆலங்காயம் பஸ் பிடித்தேன்.