புல்லின் வேகம்: கோல்ஃப் மேஜர்களில் பந்து ஏன் நிற்க மறுக்கிறது

கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளை மேஜர் என்பார்கள். அவற்றில் ஒன்றான யு.எஸ். ஓபன் 1935ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்தது. அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரரான ஜீன் சாரசன் குழியை நோக்கித் தட்டிய ஒரு பந்து, குழியைத் தாண்டி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருக்கும் கிரீன் என்ற புல்தரையையும் விட்டு வெளியே உருண்டு போனது. கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் வீரரும் ஒருவர். சாரசன் போன்றவர் அப்படித் தவறு செய்வாரா, அல்லது புல்தான் அளவுக்கு மீறி வேகமாக இருந்ததா என்ற கேள்வி அவரை விடவில்லை. அளந்தால்தானே பதில் சொல்ல முடியும்? மரத்தில் ஒரு சிறு கருவியைச் செய்தார். பல பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்து, 1978இல் மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அவர் பெயராலேயே அது ஸ்டிம்ப்மீட்டர் ஆனது.

கருவி மிக எளிது. 36 அங்குல நீளமுள்ள ஒரு தகடு, நடுவில் பந்து உருள ஒரு பள்ளம், மேல் பக்கம் பந்தை நிறுத்த ஒரு வெட்டு. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை மெல்ல உயர்த்த வேண்டும். சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானாகவே விடுபட்டு உருளும். யார் உயர்த்தினாலும் அது தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1.83 மீட்டர்தான். அப்புறம் அது எத்தனை அடி உருண்டு நிற்கிறது என்று அளக்கிறார்கள். ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து, இரண்டுக்கும் சராசரி. 10 அடி உருண்டால் அந்தக் கிரீனின் வேகம் 10.

பெயர்தான் வேகம். உண்மையில் இது புல்லின் உராய்வை அளக்கிறது. பந்து இலைகளை அழுத்திக்கொண்டே போகிறது, அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஆற்றலை இழக்கிறது. கேரம் போர்டில் பவுடர் தூவினால் காய் எப்படி ஓடுகிறதோ, அப்படித்தான் இலை குட்டையாகக் குட்டையாகப் பந்து நீண்ட தூரம் ஓடுகிறது.

சமதரையில் 10க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் மூன்றே அடி. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கிரீன்கள் சமதரை அல்ல. நூறு அடிக்கு மூன்றடி இறங்கும் மிதமான சரிவை எடுத்துக்கொள்வோம். இறக்கத்தில் புவியீர்ப்பு பந்தை முன்னே இழுக்கிறது, உராய்வு பின்னே இழுக்கிறது. பந்தை நிறுத்துவது இந்த இரண்டுக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசம் மட்டுமே. கணக்குப் போட்டுப் பார்த்தால், அதே ஸ்டிம்ப்மீட்டரிலிருந்து விடுபடும் பந்து 10 வேகக் கிரீனில் கீழ்நோக்கிச் சுமார் 16 அடி ஓடும், 13 வேகக் கிரீனில் சுமார் 26 அடி. மூன்றடி வித்தியாசம் இறக்கத்தில் பத்தடியாகிவிட்டது. புல்லை இன்னும் வேகமாக்கினால் உராய்வு மேலும் குறையும், சரிவின் இழுப்பு அப்படியே இருக்கும், தூரம் எகிறும். கடைசியில் இரண்டும் சமமாகும் ஒரு எல்லை வருகிறது. 10 வேகத்தில் ஏறக்குறைய 8 சதவீதச் சரிவு அந்த எல்லை, 13 வேகத்தில் 6 சதவீதம். அதைத் தாண்டிய சரிவில், உருளத் தொடங்கிய பந்து சரிவு முடியும்வரை நிற்காது. அங்கே எவ்வளவு திறமைசாலி தட்டினாலும் ஒன்றுதான்.

மேஜர்களைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தொலைக்காட்சியில் '13 வேகம், 14 வேகம்' என்று பெருமையாகச் சொல்லப்படும் எண் தனியாக எதையும் சொல்வதில்லை. அதைச் சரிவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஓக்மான்ட், ஷின்னகாக் ஹில்ஸ், அகஸ்டா போன்ற புகழ்பெற்ற மைதானங்களின் மேடுபள்ளங்கள், புல் மெதுவாக இருந்த காலத்தில் வரையப்பட்டவை. 1970களின் இறுதியில்கூட, பெரிய போட்டிக்கு 10.5 என்றாலே 'வேகம்' என்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அட்டவணை சொன்னது. அன்றைக்குச் சுவாரசியமாக இருந்த சரிவில் இன்று பந்து நிற்பதே இல்லை. குழி வெட்டத் தகுந்த இடமும் சுருங்கிவிட்டது.

எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு யு.எஸ். ஓபனிலேயே சாட்சிகள் உண்டு. 1998இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் இரண்டாம் நாள், பதினெட்டாவது கிரீனில் பெய்ன் ஸ்டுவர்ட் சில அடி தூரத்திலிருந்து தட்டிய பந்து குழியைத் தவறவிட்டு, சுமார் 25 அடிக்கு உருண்டு கீழே போய் நின்றது. 2004இல் ஷின்னகாக்கில் நிலைமை இன்னும் மோசம். கடைசி நாள் ஏழாவது கிரீன் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து, பந்தைப் பிடிக்கவே மறுத்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு, குழுக்களுக்கு நடுவே தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. முதலில் ஆடியவர்களுக்குக் காய்ந்த புல், பின்னால் வந்தவர்களுக்கு ஈரப் புல் என்றால் அது நியாயமான போட்டியே இல்லை. கோல்ஃபில் குறைந்த ஸ்ட்ரோக்கில், அதாவது குறைந்த தட்டல்களில், முடிப்பவரே வெல்வார்; மைதானத்துக்கென வகுத்திருக்கும் ஸ்ட்ரோக் எண்ணிக்கைதான் பார். அன்று ஒருவர்கூட பாருக்குக் கீழே முடிக்கவில்லை. ரெட்டீஃப் கூசன் கோப்பையை வென்றார்.

2018இல் அதே மைதானம், அதே சிக்கல். மூன்றாம் நாள் காலையில் ஆடிய டேனியல் பெர்கரும் டோனி ஃபினாவும் 66 ஸ்ட்ரோக்கில் முடித்தார்கள். மதியம் காற்று எழுந்து, கிரீன்கள் காய்ந்து, முன்னிலையில் இருந்தவர்கள் வரிசையாகச் சரிந்தார்கள். காலையில் வெகுவாகப் பின்தங்கியிருந்த அந்த இருவரும் மறுநாள் கடைசி ஜோடியாக ஆடும் அளவுக்கு மேலே வந்துவிட்டார்கள். அதே மதியம் பதின்மூன்றாவது கிரீனில், நிற்காமல் ஓடிய தன் பந்தை ஃபில் மிக்கல்சன் ஓடிப்போய் மறுபடி தட்டி, தண்டனை வாங்கி, அந்தக் குழியில் 10 ஸ்ட்ரோக் எடுத்தார். சில மணி நேரத்தில் ஒரே புல் இரண்டு வெவ்வேறு புல்லாக மாறுவதன் காரணம் தண்ணீர்தான். மூன்று மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ வெட்டப்பட்ட புல்லுக்கு வெயிலைத் தாங்கும் இலைப் பரப்பு கிடையாது, வேரும் ஆழமாகப் போவதில்லை. காற்று ஈரத்தை உறிஞ்சியதும் இலை வாடிப் படிகிறது, மண் இறுகுகிறது.

அதனால்தான் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதே இந்தத் தொழிலின் உச்சம். காலையில் இருட்டோடு வெட்டுவார்கள், உருளையை ஓட்டிச் சமன் செய்வார்கள், உரத்தைக் குறைப்பார்கள். அகஸ்டாவில் கிரீன்களுக்கு அடியில் குழாய்களும் விசிறிகளும் உண்டு. சப்ஏர் என்ற அந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அங்கேயே பணியாற்றிய மார்ஷ் பென்சன். மழை பெய்தால் அது மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும். திருப்பி ஓட்டினால் வேருக்குக் காற்றைச் செலுத்தும். அகஸ்டா தன் வேகத்தை மட்டும் வெளியே சொல்வதே இல்லை.

ஆண்களுக்கு மேஜர் நான்கு: மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓபன், தி ஓபன். பெண்களுக்கு ஐந்து: செவ்ரான், யு.எஸ். மகளிர் ஓபன், மகளிர் பி.ஜி.ஏ., எவியான், மகளிர் ஓபன். ஆண்களின் நான்கையும் நடத்துவது நான்கு வெவ்வேறு அமைப்புகள். ஆகவே புல்லும் நான்கு விதம்.

பிரிட்டனில் நடக்கும் தி ஓபனில் கிரீன்கள் மற்ற மேஜர்களைவிட மெதுவாகவே இருக்கும், 10ஐ ஒட்டி. கடலோர மைதானங்களில் காற்று விடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் பந்தின் மேல் அது தரும் விசை நான்கு மடங்காகும். புல் மெதுவாக இருந்தால் அந்த விசையை உராய்வு தாங்கிக்கொள்ளும், வேகமான புல்லில் நிற்கும் பந்தே நகர்ந்துவிடும். 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் அப்படித்தான் ஆயிற்று. சனிக்கிழமை கிரீன்களில் பந்துகள் காற்றில் தாமாக நகர, ஆட்டம் பல மணி நேரம் நின்றது. போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

பெண்கள் மேஜர்களில் கணக்கு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. தட்டுவதைப் பொறுத்தவரை ஆண், பெண் வித்தியாசம் கிடையாது, ஒரே பந்து, ஒரே உராய்வு. வித்தியாசம் பந்து வந்து இறங்கும் விதத்தில் இருக்கிறது. மட்டையின் வேகம் குறைவென்றால் பந்து ஏறும் உயரமும் பின்சுழற்சியும் குறையும், தரையைச் சற்றுத் தட்டையாகத் தொடும். இறுகிய கிரீனில் அப்படி இறங்கும் பந்து நிற்காமல் ஓடிவிடும். ஆகவே மைதானத்தின் நீளத்தைக் குறைத்து, வீராங்கனைகள் குட்டையான, அதிகச் சாய்வுள்ள மட்டையோடு கிரீனை நோக்கி அடிக்கும்படி அமைப்பதே நியாயம். வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது.

இதற்கு அருமையான சோதனை 2014இல் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் நடந்தது. ஒரு வாரம் ஆண்களின் யு.எஸ். ஓபன், அடுத்த வாரமே பெண்களின் யு.எஸ். ஓபன், அதே கிரீன்களில். ஆண்களுக்கு மைதானம் சுமார் 7,500 கெஜம், பெண்களுக்கு சுமார் 6,600. அந்தக் கிரீன்கள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் நாலாபுறமும் சரிபவை, விளிம்பில் இறங்கிய பந்து வெளியே உருண்டுவிடும். மார்ட்டின் கைமர் அதற்கு ஒரு வழி கண்டார். கிரீனுக்கு வெளியே இருந்தும் பந்தைத் தூக்கி அடிக்காமல், தட்டும் மட்டையாலேயே தரையோடு உருட்டினார். எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். நான்கு நாள் முடிவில் பாருக்குக் கீழே இருந்தவர்கள் ஆண்களில் மூன்றே பேர். அடுத்த வாரம் பெண்களில் அந்த இடத்தில் இருந்தது வென்ற மிஷெல் வீ ஒருவர் மட்டுமே.