பிரேக் எ லெக்: காலை முறிக்கச் சொல்லும் வாழ்த்து

மேடையேறப் போகும் நடிகரிடம் ஆங்கில நாடகக்காரர்கள் சொல்லும் வாழ்த்து 'பிரேக் எ லெக்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காலை முறித்துக்கொள்'. உள்ளே இருக்கும் பொருள் 'இன்றைக்குப் பிரமாதமாக நடி'. இதை அப்படியே தமிழாக்கினால் வாழ்த்தாக நிற்காது. கொங்கு நாட்டில் 'காலை ஒடிச்சுப்போடுவேன்' என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளையிடம் அம்மா சொல்வது.

நாடகக் கொட்டகைக்குள் நேராக நல்வாழ்த்துச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பது அங்கே நம்பிக்கை. அதனால்தான் தலைகீழாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதே இடத்தில் மலத்தைக் குறிக்கும் 'மெர்த்' என்ற சொல்லைச் சொல்வார்கள். இத்தாலியர்களுக்கு 'ஓநாயின் வாய்க்குள் போ'.

பிறந்த கதைகள் பல. 1865இல் லிங்கனைச் சுட்ட நடிகர் ஜான் வில்க்ஸ் பூத் மேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டதால் வந்தது என்பார்கள். இதை நம்ப முடியவில்லை. நாடக வாழ்த்தாக இந்தத் தொடர் எழுத்தில் தென்படுவதே இருபதாம் நூற்றாண்டில்தான். 1921இல் ராபர்ட் லிண்ட் என்ற கட்டுரையாளர், 'உன் கால் முறியட்டும்' என்று சொல்வதைக் குதிரைப் பந்தயக்காரர்களின் வழக்கமாக எழுதினார். ஜெர்மன் மொழியில் 'கழுத்தும் காலும் முறியட்டும்' என்றொரு வாழ்த்து உண்டு. 'வெற்றியும் ஆசியும்' என்று ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் இருந்த தொடர் காதில் மாறி விழுந்து அப்படி ஆனது என்பது பலர் சொல்லும் விளக்கம். அந்த ஜெர்மன் வாழ்த்துதான் ஆங்கிலத்துக்கு வந்தது என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ் இலக்கணம் இதற்கு நேர் எதிரான ஒன்றுக்கு 'மங்கலம்' என்று பெயர் வைத்திருக்கிறது. தீயதை நல்ல சொல்லால் சொல்வது அது. விளக்கை அணைப்பதைக் 'குளிர வை' என்கிறோம். செத்தவரைத் 'துஞ்சினார்' என்கிறோம். சந்தையில் கன்னங்கரேலென்று நிற்கும் ஆடும் நமக்கு 'வெள்ளாடு'தான். ஆனால் தீயதைச் சொல்லி நல்லதைக் காக்கும் வழியும் நமக்குத் தெரியாததல்ல. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், பிழைத்த பிள்ளைக்குக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தார்கள். எமன் கண்ணுக்கும் ஊர்க்கண்ணுக்கும் அது வேண்டாத பிள்ளையாகத் தெரிய வேண்டுமாம். அழகான குழந்தையின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டும் இதே கணக்குத்தான். ஆக, 'பிரேக் எ லெக்'குக்குப் பின்னால் இருப்பது நாம் கண்ணேறு என்று சொல்லும் அதே அச்சம்.

நம் மேடைக்காரர்கள் அந்த அச்சத்தை வாழ்த்தில் ஏற்றவில்லை, சடங்கில் இறக்கிவைத்துவிட்டார்கள். சேலம், தருமபுரிப் பக்கக் கூத்தில் பிள்ளையார் பாட்டுதான் முதலில். கட்டப்போகும் சலங்கையை ஆட்டக்காரர் இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம் சொல்லும் வாழ்த்து நேரானது: 'நல்லபடியா ஆடிட்டு வா சாமி.'

கடைசியில் வரும் அந்த 'வா' முக்கியம். 'போ' என்று மொட்டையாக அனுப்புவது நம் வழக்கமில்லை. அதனால் 'பிரேக் எ லெக்' வரும் இடத்தில் நான் எழுதுவது 'அசத்திட்டு வா'. பெரியவர்களுக்கு 'அசத்திட்டு வாங்க'. குழு முழுவதற்கும் என்றால் 'மேடை களைகட்டட்டும்'. 'வாகை சூடி வா' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைப் போட்டி நாடகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.