கிளாஸ் டிரைவர்: வகுப்பு இயக்கியா, வகை இயக்கியா?

பென்டிரைவ், கார்டு ரீடர், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மூணையும் வேற வேற கம்பெனி செஞ்சிருப்பாங்க, ஆனா எதை சொருகினாலும் கம்ப்யூட்டர் ஒண்ணும் கேக்காம திறந்து காட்டுது, அதுக்கு காரணம் கிளாஸ் டிரைவர். (டிரைவர்னா சாதனத்த கம்ப்யூட்டரோட சேர்ந்து வேலை செய்ய வைக்கிற மென்பொருள்.) மாடலுக்கு ஒரு டிரைவர்னு எழுதாம, ஒரே வேலை செய்யுற சாதனங்கள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. விண்டோஸ் 98ல பென்டிரைவுக்கு டிரைவர தனியா போட்டவங்களுக்கு இதோட அருமை நல்லா தெரியும்.

யூஎஸ்பி சாதனம் சொருகினதும் கம்பெனி நம்பர், மாடல் நம்பரோட கிளாஸ் நம்பரும் சொல்லும். 3னா கீபோர்டு மவுஸ், 7னா பிரிண்டர், 8னா ஸ்டோரேஜ். 8ஐ பாத்தா ஸ்டோரேஜ் டிரைவர் வந்து ஒட்டிக்கும், யார் செஞ்சதுங்கிற கவலை அதுக்கு இல்ல.

இப்ப இத தமிழ்ல என்னனு எழுதலாம், அந்த சொல்லுக்கு வருவோம். டிரைவ்ங்கிறது பழைய ஆங்கிலத்துல ஆடுமாடு ஓட்டுறதுக்கும் சொன்னது. தமிழ்ல ஆளுக்கு ஓட்டுநர், மென்பொருளுக்கு இயக்கினு பிரிச்சு வச்சது ரொம்ப சரி. இயங்குனா தானா நடக்கிறது, இயக்குனா இன்னொண்ண நடக்க வைக்கிறது, அதோட இ விகுதி சேர்ந்தா இயக்கி, பூச்சிக்கொல்லில வர்ற கொல்லி மாதிரி. (இசக்கியம்மனையும் இயக்கினு சொல்றது உண்டு, அது யட்சியில இருந்து வந்தது, இதோட சம்பந்தமில்ல.)

கிளாஸ் லத்தீன் கிளாசிஸ்ல இருந்து வந்தது, ரோம்ல சொத்து மதிப்ப வச்சு மக்கள பிரிச்ச பிரிவுக்குப் பேரு. வகுப்பு, வகை ரெண்டுக்கும் வகுங்கிறதுதான் வேர், அதனால ரெண்டும் பொருந்தும். ஆனா புரோகிராமிங்ல வர்ற கிளாஸுக்கு ஏற்கனவே வகுப்புனு எழுதுறோம், இங்கயும் அதையே போட்டா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க, அதனால என் ஓட்டு வகை இயக்கிக்குத்தான். பொது இயக்கினு எழுதுறது சரியா வராது, அது ஜெனரிக் டிரைவருக்கு, அதாவது தனி டிரைவர் இல்லாதப்ப பொதுவா ஓட்டுற டிரைவருக்கு, வேணும். லினக்ஸ்ல ரியல்டெக் நெட்வொர்க் சிப்புகளுக்கான ஆர்8169 மாதிரி, எந்தெந்த சிப்புனு அடையாள நம்பர் (ஐடி) பட்டியல் வச்சுக்கிட்டு பல சிப்ப பாத்துக்கிற டிரைவருக்கு பல்சாதன இயக்கினு சொல்லலாம்.

இன்னொரு சொல் பாக்கி, குவிர்க், அதாவது ஒரு சாதனத்தோட ஏடாகூடமான நடத்தை. சில சாதனம் 8னு சொல்லிட்டு விதிப்படி நடக்காது. அதுக்காக டிரைவர் முழுக்க இஃப் எல்ஸ் (இந்த சாதனம்னா இப்படி, இல்லைனா அப்படிங்கிற நிபந்தனை வரி) தூவினா அடுத்து வர்றவங்க படிக்கவே முடியாது, அதனால லினக்ஸ்ல தனி பட்டியல் ஒண்ணு வச்சு, அந்த மாடல் நம்பருக்கு நேரா இது இப்படித்தான் நடந்துக்கும்னு ஒரு குறி போட்டுடுறாங்க. இத பிழைனு எழுதாதீங்க, டிரைவர் மேல குத்தமில்ல, விலகல்னு எழுதலாம்.