பச்சை லைட் எரியுது, உள்ள ஆளே இல்ல

கோயம்புத்தூர்ல போர் மோட்டார் விக்கிற கடை ஒண்ணுக்கு நான்தான் வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். ஒரு வருஷம் கழிச்சு ஓனர் கூப்பிட்டு, "ஏந்தம்பி, காசு வாங்கிட்டு சைட்டு போட்டுக் குடுத்த, ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலையே"ன்னாரு. அப்படி இருக்காதேண்ணான்னு நேர்ல போயி அவரோட மெயிலைத் திறந்து பாத்தா ஸ்பேம் போல்டர்ல விசாரணையா குவிஞ்சு கிடக்கு. அங்க முப்பது நாளைக்கு மேல எதுவும் தங்காது, ஜிமெயில் தானாவே அழிச்சிரும், அப்போ அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் எங்க போச்சுன்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

தப்பு என் மேலதான். சைட்ல விசாரணை அனுப்புற பார்ம்ல கஸ்டமர் அடிக்கிற மெயில் ஐடியவே அனுப்புனர் இடத்துல வச்சிருந்தேன். ரிப்ளை அமுக்குனா நேரா அவருக்கே போகும்ல, வசதியா இருக்கும்னு நினைச்சேன். ஆனா ஜிமெயில் பக்கம் இருந்து பாத்தா, ஒரு ஜிமெயில் ஐடி பேர்ல எங்கயோ இருக்குற ஒரு சர்வர்ல இருந்து கடிதம் வருது, இது போலின்னு தூக்கி ஓரமா போட்டுருது, அது செஞ்சது சரிதான். இப்போ அனுப்புனர் இடத்துல கடையோட சொந்த டொமைன் (வெப்சைட் பேரு) ஐடி, பதில் எங்க போகணும்னு சொல்ற ரிப்ளை-டூல மட்டும் கஸ்டமர் ஐடி, மெயில் நிஜமாவே அந்த டொமைன் பேர்லதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் செட்டிங் ரெண்டும் போட்டாச்சு, அதோட வர்ற ஒவ்வொண்ணும் ஒரு ஷீட்லயும் விழுற மாதிரி பண்ணிட்டேன். உங்க சைட்ல பார்ம் இருந்தா இன்னைக்கே உங்க போன்ல இருந்து நீங்களே ஒண்ணு அனுப்பிப் பாருங்க, வந்து சேருதான்னு. நான் அதை ஒரு வருஷம் பண்ணல.

அடுத்தது சாட் பொட்டி, அந்த மூலையில உருண்டையா நிக்குமே, அது. சைட்டைத் திறந்த மூணாவது செகண்டே டொய்ங்குன்னு "வணக்கம், எப்படி உதவட்டும்"னு வரும், பச்சை லைட் எரியும், நம்ம ஆளு நம்பி டைப் பண்ணுவாரு, அந்தப் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்க. கடைக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சிட்டு கல்லாவுல இருந்தவன் டீ குடிக்கப் போன கதைதான். எந்த நேரம் ஆள் இருக்கோ அந்த நேரத்துக்கு மட்டும் ஆன்லைன்னு காட்டச் சொல்லி செட்டிங் இருக்கு, மத்த நேரத்துல "நம்பர் விட்டுட்டுப் போங்க, காலைல கூப்பிடுறோம்"னு மாத்திக்கலாம். இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை, யாரும் செய்யுறதில்ல. இன்னொண்ணு, இந்த உருண்டை மொபைல்ல கால் பட்டன் மேலயே வந்து உக்காந்துக்கும், ஓனர் எப்பவும் லேப்டாப்ல பாக்குறதால அவர் கண்ணுலயே படாது.

வாட்ஸ்அப் பட்டன் நம்மூருக்கு நல்லாவே ஒத்து வருது. ஆனா லிங்க்ல நம்பருக்கு முன்னாடி 91 வரணும், பிளஸ்ஸும் வேணாம் சைபரும் வேணாம், இதுல கோட்டை விட்டு வேலையே செய்யாத பட்டன் எத்தனையோ பாத்துட்டேன். அதே லிங்க்ல மெசேஜை நாமளே முன்னாடி எழுதி வைக்கலாம், எந்த மோட்டார் பக்கத்துல இருந்து அமுக்குறாரோ அந்த மாடல் பேரோட போகும், இல்லன்னா "ரேட் என்ன"ன்னு மொட்டையா ஒரு மெசேஜ் வந்து, "எதுக்குங்க"ன்னு நாம கேட்டு, அவர் மறுநாள் பாத்து... அதோட போச்சு. பிசினஸ் ஆப் 2018லயே வந்தாச்சு, காசும் இல்ல, ஒரே நம்பரை இன்னும் நாலு டிவைஸ்ல லிங்க் பண்ணிக்கலாம். அப்புறமும் கடைப் பையனோட சொந்த நம்பரைத்தான் சைட்ல போடுறாங்க, அவன் வேற கடைக்குப் போகும்போது சிம்மோட சேத்து கஸ்டமரும் போயிடுறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அந்தக் கடைக்குப் பண்ண செலக்ஷன் டூல்தான், எந்த மோட்டார் ஒத்து வரும்னு கண்டுபிடிக்க சைட்லயே கேள்வி கேக்குறது. முதல்ல ஹெச்பி (மோட்டாரோட குதிரைத் திறன்) வாரியா லிஸ்ட் போட்டிருந்தேன், விவசாயிக்கு ஹெச்பி எங்க தெரியும், அது கடைக்காரர் சொல்ல வேண்டியது. அப்புறம் கடையில போன் எடுக்குற பொண்ணு பக்கத்துல ரெண்டு நாள் உக்காந்து அது என்ன கேக்குதுன்னு எழுதிக்கிட்டேன். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: போர் எத்தனை இஞ்ச், எத்தனை அடி, தண்ணி எத்தனை அடியில நிக்குது, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, வீட்டுக்கா தோட்டத்துக்கா. அதையே அப்படியே சைட்ல போட்டேன், மீட்டரெல்லாம் கிடையாது, அடிதான். ஒவ்வொரு கேள்விக்கும் கீழ "தெரியலைங்க"ன்னு ஒரு பட்டன், அது இல்லன்னா பாதியிலயே விட்டுட்டுப் போயிடுறாங்க. நம்பர் கட்டத்தைத் தொட்டா நம்பர் கீபோர்டு வரும். மெயில் ஐடியைத் தூக்கிட்டேன், கட்டாயம்னு வச்சப்போ பாதிப் பேரு வாய்க்கு வந்ததை அடிச்சு வச்சிருந்தாங்க.

ஓனர் "பிறந்த நாளும் கேட்டு வை தம்பி, வாழ்த்து அனுப்பலாம்"னாரு. வேணாம்ணான்னுட்டேன். 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டப்படி, ஒருத்தர்கிட்ட சம்மதம் கேட்டு விவரம் வாங்குனா எதுக்காக வாங்குறோம்னு சொல்லணும், அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் வாங்கணும், அந்த அறிவிப்பை இங்கிலீஷ்லயோ அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்குற மொழியிலயோ படிக்கிற வசதியும் குடுக்கணும், அதுல தமிழும் இருக்கு. நாங்க தமிழ்லயே ஒரு வரி போட்டிருக்கோம், "மோட்டார் சொல்லுறதுக்காக மட்டும் உங்க நம்பரைக் கேக்குறோம்"னு. மோட்டார் கேட்டவருக்குத் தீபாவளி ஆபர் மெசேஜா தள்ளுறது அந்த வரிக்குள்ள வராது.

போன மாசம் ராத்திரி பதினொண்ணே கால் மணிக்குப் பல்லடம் பக்கத்துல இருந்து ஒருத்தர் டூல்ல போட்டிருந்தாரு. ஆறரை இஞ்ச், 620 அடி, த்ரீ பேஸ், தோட்டம், தண்ணி மட்டம் மட்டும் "தெரியலைங்க". காலைல கடை திறந்ததும் அந்தப் பொண்ணு கூப்பிட்டு, மோட்டாரைப் பத்திப் பேசல, "ஏனுங்க, போர் போட்ட வண்டிக்காரர் நம்பர் வச்சிருக்கீங்களா, நானே கேட்டுக்கறேன்"னுச்சு. அதை டூல்ல ஒரு கேள்வியா சேக்கலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. வேணாம், அது நீ கேக்குறதுதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.